பளபளத்த நாலு பிளக்

பிரூனோவுக்கு மீன் பிடிக்கும், தட்டில் வந்தால். வைத்திக்குப்பத்து மணலில், காலை ஒன்பது மணி வெயிலில், வலைகளைத் தாண்டித் தாண்டி மீன் இருக்கும் இடத்துக்கே நடந்து போவது பிடிக்காது. ஆனால் செல்வாம்பாளிடம் வேலைக்குச் சேர்ந்த பிறகு, பிடிக்கும் பிடிக்காது என்று சொல்ல அவனுக்கு வாய் இருந்ததே தவிர உரிமை இல்லை.

"பிரான்ஸ் ராணுவமே தட்டைக்காலுன்னு வேணாம்னு சொன்ன காலு மதாம் இது. இத வச்சி நீங்க மணல் மிதிக்க வைக்கறீங்க."

"அவங்களுக்கு ஓட ஆள் வேணும். எனக்கு நடந்தா போதும்," என்றாள் செல்வாம்பாள் திரும்பாமலே.

செல்வாம்பாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடம் கோர்ட்டில் டைப் அடித்தவள். ஊரார் சொன்ன பொய்களை மூன்று கார்பன் வைத்து அடித்து அடித்து அலுத்துப்போய், வேலையை விட்டுவிட்டு, மிஷன் வீதியில் ஓர் அச்சகத்தின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டாள். பிரூனோ அவளுடைய ஒரே உதவியாள். சம்பளம் குறைச்சல், திட்டு தாராளம்.

அவர்களுக்கு ஆள் அனுப்பியிருந்த வரலட்சுமி படகு மறைவில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மீன் கூடை கவிழ்ந்து கிடந்தது. மூன்று நாளாக அவள் விற்கப் போகவில்லை.

"எம் புருசனுக்கு ரெண்டு வெரல ஒடச்சிட்டாங்கம்மா," என்றாள் எடுத்த எடுப்பில். "வலது கை. நேத்து சோறு எடுத்துக்கினு போனேன். எடது கையால தின்னாரு. மெக்கானிக்குக்கு வெரல ஒடச்சிட்டா அப்பறம் இன்னாம்மா இருக்குது?"

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை ஊரில் பந்த். ஆட்டோ இல்லை, பஸ் இல்லை, டாக்ஸி இல்லை. அன்று பகல் ஒரு மணிக்கு ரெட்டியார்பாளையத்தில் ஓதெத் என்கிற அம்மாளுக்கு நெஞ்சுவலி. வீட்டில் சொந்த வண்டி இருந்தது. பெழோ 404 என்கிற பழைய பிரெஞ்சு வண்டி, பின்னால் தொட்டி வைத்த பெட்ரோல் பிக்கப். அது கிளம்பவில்லை. கடைசியில் மீன் ஏற்றும் மூன்று சக்கர மிதிவண்டியில் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியில் உயிர் போய்விட்டது.

ஓதெத்தின் கணவர் கிளோத் ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். சொல்தா வந்து நின்றால் ஸ்டேஷனில் நாற்காலி போடுவார்கள். அவர் உட்கார்ந்து ஒரு புகார் எழுதிக் கொடுத்தார்: ஞாயிற்றுக்கிழமை ஆனந்தராஜ் என்ற மெக்கானிக் வண்டிக்குத் தப்பான பிளக் மாட்டினான், அதனால்தான் வண்டி நின்றது, அதனால்தான் என் மனைவி செத்தாள். புதன்கிழமை காலையில் வரலட்சுமியின் புருஷன் ஆனந்தராஜைப் போலீஸ் தூக்கிவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை. சாயந்தரம் ஐந்து மணிக்குள் புகாரை வாபஸ் வாங்கவில்லை என்றால் கேஸ் எழுதி ரிமாண்டுக்கு அனுப்பிவிடுவதாக இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார்.

"அம்பாசடர் பிளக்கப் பெழோவுக்குப் போட்டாருன்னு சொல்றாங்களே?" என்று கேட்டாள் செல்வாம்பாள்.

"போட்டாரு. வேற இன்னா போடுவாரு? பிராஞ்சுக்காரன் பிளக்கு இந்த ஊர்ல எங்க கெடைக்குது? மரை நீளம் ஒன்னாருந்து, சூடு தாங்கறதும் ஒன்னாருந்தா எந்த வண்டிப் பிளக்கா இருந்தா இன்னான்னுவாரு. பத்து வருசமா அதத்தான் போடறாரு. ஓடிக்கினுதான இருந்திச்சி?"

"மாட்டும்போது ஏதாச்சும் தப்பு பண்ணியிருப்பாரோ?"

வரலட்சுமி எழுந்து போய்க் குடிசையிலிருந்து ஒரு முழம் ரப்பர் குழாயைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"பெழோவுல பிளக்கு மேல இருக்காதும்மா. ஒரு சாண் ஆழத்துல, கெணத்துக்குள்ள கெடக்கற மாரி கெடக்கும். இந்த டியூப்புல பிளக்க சொருகி மெதுவா எறக்குவாரு. கை தவறி உள்ள போட்டா நுனி நசுங்கி வாய் மூடிக்குமாம். வாய் மூடுன பிளக்கு பொறி குடுக்காது, வண்டி செத்த பொணம்னுவாரு. இதுக்குன்னே டியூப்பு வச்சிருக்கற மனுசன் தப்பு பண்ணுவாரா?"

"புருஷனும் பிளக்கும் ஒன்னு மதாம்," என்றான் பிரூனோ. "வாய மூடிட்டா வீட்டுல பொறி பறக்காது."

"நீ வாய மூடினா எனக்கு வேல ஓடும்," என்றாள் செல்வாம்பாள். பிறகு வரலட்சுமியைப் பார்த்து, "அவ்ளோ ஆழத்துல இருக்கறத எத வச்சிக் கழட்டுவாரு?"

"அதுக்கு நீட்டு ஸ்பானர் ஒன்னு இருக்குது. நம்ம கிட்ட ஏது? அந்தப் பெரியவரு கப்பல்ல வண்டியோட கொண்டாந்தது. கை கழுவிட்டுத் தொடுன்னுவாராம். வேல முடிஞ்சதும் புடுங்கி ஆணியில மாட்டிக்குவாராம். ஊர்ல வேற யார் கிட்டயும் அது கெடையாது."

"ஞாயித்துக்கெழம மாட்டினாரு. திங்கக்கெழம வண்டி ஓடிச்சா, தெரியுமா?"

"ஏன் தெரியாது? இங்கதான் வந்தாரு, அந்த வண்டியிலயே. எங்கிட்டதான் ரெண்டு கிலோ வஞ்சிரம் வாங்கினாரு. பொண்ணு மறுநாளு பாரிசு போவுது, வறுத்துக் குடுத்து அனுப்பணும்னு சொன்னாரு. நல்லாத்தான் பேசினாரு." வரலட்சுமியின் குரல் உடைந்தது. "என் கையால மீன வாங்கித் தின்னுட்டு, என் புருசன் கைய ஒடைக்க வச்சிட்டானே அந்தப் பாவி!"

ஸ்கூட்டியை பிரூனோ ஓட்டினான். செல்வாம்பாள் பின்னால் உட்கார்ந்து அவன் காதருகே பேசிக்கொண்டு வந்தாள்.

"ஞாயித்துக்கெழம மாட்டின பிளக்கு திங்கக்கெழம ஓடிச்சி. செவ்வாக்கெழம ஓடல. ராத்திரியோட ராத்திரியா பிளக்கு தானா வாய மூடிக்குமா?"

"செவ்வாக்கெழம பந்த் மதாம். அதுவும் கடையடைப்புல கலந்துக்கினு இருக்கும்."

"அந்த ஸ்பானர் அந்த வூட்ட வுட்டு வெளிய வராது. அப்ப கை வச்ச ஆளும் அந்த வூட்டு ஆளுதான்."

"வூட்டுல ரெண்டு பேருதான். கெழவனாரு, அவரு பொண்ணு ஏஸ்தெல். ஏஸ்தெல் என் கிளாஸ்மேட்டு. அவளுக்கு அன்னிக்கு ராத்திரி பிளேன். சென்னைக்குக் கொண்டுபோய் விட அந்த வண்டிய விட்டா வேற கெடையாது. போறவ எவளாவது தன் வண்டியத் தானே கெடுப்பாளா?"

"அப்ப கெழவனாருதான்," என்றாள் செல்வாம்பாள். அவள் அப்படி அடித்துச் சொன்னது பிரூனோவுக்குத் திருப்தியாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் கேஸ் முடிந்துவிடும் போலிருந்தது.

கிளோத்தின் வீட்டு வராண்டாவில் இரண்டு பெரிய பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. ஓதெத்தின் படத்துக்குப் போட்ட மாலை இன்னும் வாடவில்லை. அடக்கம் முடிந்து ஒரு நாள்தான் ஆகிறது, நாளைக்கு மகளுக்கு வேறு பிளேனில் டிக்கெட். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்ற கவலை அந்த வீட்டில் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

கிளோத்துக்கு எழுபது வயது. முதுகு மட்டும் இன்னும் முப்பதிலேயே நின்றுவிட்டது. பிரூனோ முன்வாசலில் நின்று, தன் அப்பா பேரைச் சொல்லி, இந்த அம்மாவுக்குத் தோட்டத்துக்கு ஒரு பழைய பிக்கப் வேண்டும், உங்கள் வண்டியை விற்பதாகக் கேள்விப்பட்டோம் என்று கூசாமல் அளந்தான்.

"எடுத்துக்கினு போங்க," என்றார் கிளோத். "அந்தச் சனியன இனிமே நா பாக்க விரும்பல."

கொட்டகையில் பெழோ நின்றது. வெளிர் நீலம், அங்கங்கே துரு. கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டபடியே விட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, மகளைச் சென்னைக்குக் கொண்டுபோக எடுத்த வண்டி கிளம்பாததும், கிளோத் முதலில் பிரித்தது அதைத்தான். இரண்டு நாள் முன்பு போட்ட புது பிளக்கை யார் சந்தேகப்படுவார்கள்?

"பிளக்க மட்டும் ஒரு தடவ கழட்டிக் காட்டுங்க," என்றாள் செல்வாம்பாள்.

கிளோத்தின் முகம் இறுகியது. "அது போலீஸ் விஷயம். தொடக்கூடாது."

"இது தானமா குடுக்கற மாடு இல்லியே முசியே, பல்லப் புடிச்சிப் பாத்துத்தான வாங்கணும்," என்றான் பிரூனோ. "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வுடுங்க. வயசாயிடுச்சி, ஒரு சாண் ஆழத்துல கை நிக்காது. நா வெளிய போயி யாராச்சும் மெக்கானிக் இருந்தா கூட்டியாறேன்."

அது சுருக்கென்று தைத்துவிட்டது. ராணுவத்தில் வண்டிப் பிரிவில் பதினைந்து வருடம் இருந்த மனிதரிடம் பிளக் கழற்ற வராது என்று சொன்னால் பொறுப்பாரா? ஆணியில் தொங்கிய நீள ஸ்பானரை எடுத்தார். வயரைப் பிடுங்கினார். ஸ்பானரை உள்ளே விட்டு ஒரு திருகு, இரண்டு திருகு. முதல் பிளக் மேலே வந்தது.

கிளோத் அதைப் பார்க்கவில்லை. இடது கையில் எடுத்து, அப்படியே பக்கவாட்டில் நீட்டிவிட்டு, வலது கையால் இரண்டாவது பிளக்கின் வயரைத் தேட ஆரம்பித்தார். நீட்டிய கை அங்கேயே நின்றது. வாங்கிக்கொள்ள அந்தப் பக்கம் யாரும் இல்லை. பழைய முக்காலி ஒன்று மட்டும் கிடந்தது.

ஒரு விநாடி, இரண்டு விநாடி. கிளோத் தன் கையைத் தானே திரும்பிப் பார்த்தார்.

செல்வாம்பாள் குனிந்து அந்தப் பிளக்கை வாங்கினாள். "மிச்சம் மூணையும் கழட்டுங்க," என்றாள்.

நாலும் வந்தன. வண்டியின் மட்கார்டு மேல் வரிசையாக அடுக்கினாள். நாலுக்கும் வாய் மூடியிருந்தது; நுனிக் கம்பி நடுக்கம்பியோடு ஒட்டிக் கிடந்தது. ஒன்று என்றால் கை தவறியது என்று சொல்லலாம். நாலும் சொல்லி வைத்தாற்போல் மூடியிருந்தால் யாரோ தட்டி மூடியதுதான். அதையெல்லாம் பிரூனோ எதிர்பார்த்திருந்தான். எதிர்பார்க்காதது வேறொன்று. நாலும் பளபளவென்று இருந்தன.

"திங்கக்கெழம வைத்திக்குப்பம் வரைக்கும் போயிட்டு வந்த பிளக்கு," என்றாள் செல்வாம்பாள். "கொஞ்சமாச்சும் கரி புடிச்சிருக்கணும். இது நகைக்கடையில வச்ச மாரி இருக்குது. மரை இடுக்குல பாரு பிரூனோ, ரோஸ் கலர்ல இன்னா அது?"

பிரூனோ நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தான். "பல்பொடி மதாம். வண்டிக்குப் பல்லு வெளக்கி வுட்டிருக்காங்க."

"கெடுக்க வந்த ஆளு, கெடுக்கறதுக்கு முன்னாடி உக்காந்து தொலக்கியிருக்காங்க. பிளக்கு கைக்கு வந்தா தொலக்காம இருக்க முடியாத ஆளு அவங்க. வருசக்கணக்கான பழக்கம்." செல்வாம்பாள் கிளோத்தை நேராகப் பார்த்தாள். "வர்ற வழியெல்லாம் நா உங்களத்தான் நெனச்சிக்கினு வந்தேன். ஆனா நீங்க கழட்டறவரு. தொலக்கறவரு இல்ல. இப்ப யார் கைக்கு நீட்டினீங்க?"

கிளோத் முக்காலியில் உட்கார்ந்தார். அந்த முப்பது வயது முதுகு பிரூனோவின் கண்ணெதிரே எழுபதாகிவிட்டது.

"சனிக்கெழம தவறாம கழட்டுவேன்," என்றார். "முப்பத்தாறு வருசம். இங்கதான் உக்காருவா. நா நீட்டுவேன், வாங்கிக்குவா. பழைய பிரஷ்ஷு, பல்பொடி. ஒரு தடவ கீழ போட்டு வாய மூடிட்டா, கன்னத்துல அறஞ்சிட்டேன். அதுலதான் கத்துக்கினா, வாய் மூடினா வண்டி ஓடாதுன்னு."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மீன் வண்டியில போவறப்ப. இந்திரா சிலைகிட்ட. மூச்சு வரல, ஆனா சொன்னா. கிளோத், பிளக்கப் பாரு, வாய நாந்தான் மூடினேன், அவ போவக் கூடாதுன்னு மூடினேன், ஒரு நாள் தள்ளிப் போனா மனசு மாறுவான்னு மூடினேன், அப்படின்னா. நா வண்டிய ஓட்டுறவனப் பாத்து வேகமாப் போடான்னு கத்திக்கினு இருந்தேன். திரும்பிப் பாத்தா முடிஞ்சிடிச்சி."

"அப்ப ஆனந்தராஜ் மேல ஏன் எழுதிக் குடுத்தீங்க?"

"ஏஸ்தெல் கேட்டுக்கினே இருந்தா. வண்டி ஏன் ஓடல, ஏன் ஓடலன்னு. உங்கம்மாதான் உன்ன நிறுத்த வண்டியக் கெடுத்தா, அதுலயே செத்தான்னு எப்படிச் சொல்றது? நா போறேன்னதாலதான மமான் செத்தாங்கன்னு அது ஆயுசுக்கும் சொமக்கும். வாயில அவன் பேரு வந்திடிச்சி. அப்பறம் ஸ்டேஷன் வரைக்கும் போயிடிச்சி."

"ஸ்டேஷன்ல அடிப்பாங்கன்னு தெரியாதா?"

கிளோத் பொய் சொல்லவில்லை. "தெரியும்," என்றார். "நாளைக்கு அவ பிளேன் ஏறிட்டா போயி வாபஸ் வாங்கிடலாம்னு இருந்தேன். ரெண்டு மூணு நாளுதான."

"அந்த ரெண்டு மூணு நாளுல ரெண்டு வெரலு போச்சி," என்றாள் செல்வாம்பாள். "நாளைக்கு மூணாவது."

பெரியவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். பிரூனோ தண்ணீர் கொண்டுவரலாமா என்று எழுந்தான். செல்வாம்பாள் கைப்பையைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்து மட்கார்டு மேல் வைத்தாள்.

"அழுவறத அஞ்சு மணிக்கு மேல வச்சிக்குங்க. இப்ப எழுதுங்க. அதுல ஆனந்தராஜ் பேரு இருக்கக் கூடாது. வேற யார் பேரு இருக்கணும்ங்கறது உங்க இஷ்டம்."

கிளோத் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தக் கடைசி வாக்கியத்தின் அர்த்தம் அவருக்கு மெதுவாகத்தான் விளங்கியது. விளங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேனாவை எடுத்து, நிதானமாக எழுத ஆரம்பித்தார்.

எழுதி முடிக்கும்போது ஏஸ்தெல் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். முப்பது வயது, அழுது வீங்கிய கண்கள், பயணத்துக்கென்று வாங்கிய புது செருப்பு.

"இன்னா பப்பா அது?"

கிளோத் எழுந்து, விறைப்பாக நின்று, தாளை நீட்டினார். அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே வாயாலும் சொன்னார். "பிளக்கு வாய நாந்தான் மூடினேன் ஏஸ்தெல். நீ போவக் கூடாதுன்னு. மெக்கானிக் மேல சும்மா பழி போட்டேன்."

பிரூனோ வாயைத் திறந்தான். செல்வாம்பாள் அவனுடைய தட்டைக்கால் மேல் தன் முழுக்கனத்தையும் வைத்து மிதித்தாள்.

ஏஸ்தெல் தாளை இரண்டாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று பிரூனோவுக்குத் தோன்றியது.

"மமானுக்கு இது தெரிஞ்சிருந்தா," என்றாள், "உங்க கையால பச்சத் தண்ணிகூட வாங்கிக் குடிச்சிருக்க மாட்டாங்க."

"ஆமா," என்றார் கிளோத்.

"அவங்க சாவறப்ப உங்க கையப் புடிச்சிக்கினு இருந்தாங்களாமே. பாவம்."

"ஆமா."

"நா இப்பவே சென்னைக்குப் போறேன். லாட்ஜுல தங்கிக்கறேன். இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். நீங்க செத்தா எனக்குத் தகவல் சொல்ல வேணாம்."

கிளோத் தலையை ஆட்டினார். உத்தரவு வாங்கிக்கொள்கிற சிப்பாய் ஆட்டுகிற மாதிரி ஒரே ஆட்டு.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு தெருமுனை ஆட்டோ வரைக்கும் போகிற வேலை பிரூனோவுக்கு வாய்த்தது. ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். ஆட்டோவில் ஏற்றிவிட்டு மூச்சு வாங்கி நிற்கையில், ஏஸ்தெல் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"நீ நம்பறியா பிரூனோ, பப்பா எழுதினத?"

"எழுதிக் கையெழுத்தே போட்டுட்டாரே," என்று மழுப்பினான்.

"திங்கக்கெழம சாயந்தரம் மமான் கொட்டகையில உக்காந்து பிளக்கத் தொலக்கிக்கினு இருந்தாங்க. ஜன்னல் வழியா பாத்தேன். சனிக்கெழம பண்ற வேலைய இன்னிக்கு ஏன் பண்றாங்கன்னு நெனச்சேன், அவ்ளோதான். மறுநாளு பதினோரு மணிக்கு வண்டி கெளம்பலன்னதும் மமான் மூஞ்சப் பாத்தேன். சிரிப்ப அடக்கிக்கினு பூண்டு உரிச்சிக்கினு இருந்தாங்க. அப்பவே புரிஞ்சிடிச்சி."

பிரூனோ திகைத்துப்போனான். "அப்பவே சொல்லியிருந்தா உங்கப்பா பத்து நிமிஷத்துல சரி பண்ணியிருப்பாரே ஏஸ்தெல்!"

"சொல்லல. அவ்ளோ கோவம். நீயே உன் வாயால ஒத்துக்கோன்னு இருந்தேன். ஒரு மணிக்கு நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்தாங்க. பப்பா கொட்டகையில கார்புரேட்டரோட மல்லாடிக்கினு இருந்தாரு. அதுவும் என்ன நிறுத்தறதுக்குப் போடற நடிப்புன்னு நெனச்சேன். கதவச் சாத்திக்கினு உள்ள உக்காந்துட்டேன். நடிக்கட்டும், எவ்ளோ நேரம் நடிப்பாங்கன்னு பாக்கலாம்னு. அர மணி நேரம் பிரூனோ."

ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மெக்கானிக்க அடிக்கறாங்கன்னும் தெரியும். அதுக்கும் வாயத் தொறக்கல."

"இவ்ளோ தெரிஞ்சி வச்சிக்கினு உங்கப்பாவ எதுக்கு அப்படிப் பேசின? அந்த மனுசன் உனக்காகத்தான்..."

"எனக்காகத்தான்னு எனக்குத் தெரியாதா?" ஏஸ்தெல் கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது. "அவரு செஞ்சாருன்னு இருந்தாத்தான் நா கோவிச்சிக்கினு போவ முடியும். எனக்கு எல்லாம் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சா, அந்த அர மணி நேரத்தயும் சொல்லணும். அதச் சொல்லிட்டு அவரு மூஞ்சப் பாத்துக்கினு இந்த வூட்டுல இருக்கணும். என்னால ஆவாது. போலாம்பா," என்றாள் ஆட்டோக்காரனிடம்.

ஆட்டோ போனது. கொட்டகை வாசலில் நின்ற கிளோத் அது திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

போனில் கேட்டதற்கு, புகார் எழுதிக் கொடுத்த ஆளே நேரில் வர வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். கிளோத்தை ஓர் ஆட்டோவில் முன்னால் அனுப்பிவிட்டு, ஸ்கூட்டியில் பின்னால் போகும்போது பிரூனோ எல்லாவற்றையும் செல்வாம்பாளிடம் கொட்டிவிட்டான்.

"கேசு ஆனந்தராஜுது," என்றாள் அவள். "மத்ததெல்லாம் அவங்க வூட்டு விஷயம்."

"அவ பண்ணினது கொலைக்குச் சமம் மதாம்."

"அதுக்குச் சட்டத்துல செக்ஷன் இல்ல. இருந்திருந்தா இருபது வருசத்துல ஒரு தடவையாச்சும் டைப் அடிச்சிருப்பேன்."

"அந்தப் பெரியவர் கிட்ட சொல்லிடலாமா?"

"சொல்லி?" என்றாள் செல்வாம்பாள்.

நாலே முக்காலுக்கு ஆனந்தராஜ் வெளியே வந்தான். அதற்குள் இன்ஸ்பெக்டர் கிளோத்தைத் திட்டித் தீர்த்திருந்தார். சொல்தா என்பதால் கேஸ் எழுதவில்லை; ஆனால் இந்த முறை நாற்காலி போடவில்லை. ஆனந்தராஜின் வலது கை அழுக்குத் துணியில் சுற்றிக் கிடந்தது. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்க அந்தக் கையை நீட்டி, வலி தாங்காமல் இழுத்துக்கொண்டான்.

கிளோத் அவன் முன்னால் போய் நின்றார். "என்ன மன்னிச்சிடு ஆனந்தராஜ். நாந்தான் செஞ்சேன்."

ஆனந்தராஜ் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பத்து வருடமாக அந்த வண்டியைத் தன் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டவன். "உம் பொண்டாட்டிய நீயே கொன்னுட்டு, எங்கைய ஒடைக்க வச்சியா?" என்று கேட்டு, அவர் சட்டைமேல் காறித் துப்பினான்.

வரலட்சுமி வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். குனிந்து இரண்டு கை நிறைய மண்ணை வாரினாள். "நீ நல்லா இருப்பியா! பெத்த பொண்ணு உம் மூஞ்சில முழிக்காமப் பூடும்டா! நாதியத்துப் போயி, தண்ணி ஊத்த ஆளில்லாம சாவுடா!" என்று அவர் மேல் தூற்றினாள். தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். விஷயம் தெரிந்த ஒருவன், "சொந்தப் பொண்டாட்டியாம்," என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்.

கிளோத் நகரவில்லை. நரைத்த மீசையில் மண், சட்டையில் எச்சில். செல்வாம்பாள் வரலட்சுமியின் தோளைப் பிடித்து இழுத்து, புருஷனோடு ஆட்டோவில் ஏற்றினாள். ஆட்டோ போன பிறகும் அவள் சாபம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

பிரூனோ தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினான். கிளோத் அதை வாங்கிக்கொள்ளவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவன் அருகில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஆட்டோ வரைக்கும் போனியே தம்பி. இன்னா சொல்லிச்சி? நா சொன்னத நம்பிடிச்சா?"

பிரூனோ செல்வாம்பாளைத் தேடினான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்கூட்டியருகே நின்றிருந்தாள்.

"நம்பிட்டா முசியே," என்றான். "உங்கள கரிச்சிக் கொட்டிக்கினேதான் போனா."

"அது போதும்," என்றார் கிளோத். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது. பிரூனோவின் கையைப் பிடித்து, நன்றி நன்றி என்று இரண்டு தரம் குலுக்கினார்.